ஆறடி லேத்து

ஜூலை 19, சனி

இரும்பு கடையும் லேத்து வாங்கியாயிற்று. கணபதிப் பகுதியில் மூடப்போகும் ஒரு பட்டறையிலிருந்து எடுத்தது. ஆறடி நீளம். பெயர்த்தகடு எப்போதோ கழன்று விழுந்துவிட்டது, எந்த ஊரில் செய்தது என்று விற்றவருக்கே தெரியவில்லை. டெம்போவில் ஏற்றி முடித்த நேரத்தில் வீட்டிலிருந்து என் மனைவி வசந்தாமணி போன் செய்தாள். சனிக்கிழமை யாராவது வீட்டுக்குள் இரும்பு கொண்டுவருவார்களா என்றாள். போதாததற்கு ஆடி மாசம் வேறு என்றாள். ஆடிக்கு நான் ஒன்றும் செய்ய முடியாது, சனிக்கு வேண்டுமானால் வழி பார்க்கிறேன் என்றேன். டெம்போக்காரர் முணுமுணுத்துக்கொண்டே வண்டியை அந்தப் பட்டறை வாசலிலேயே விட்டுப் போனார்.

முப்பது வருஷம் மின்வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் கணக்கெடுத்தவன் நான். எத்தனையோ வாசலில் எத்தனையோ பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். எண்ணைக் காட்டினால் அடங்கிவிடுவார்கள். வீட்டில் மட்டும் காட்டுவதற்கு எண் எதுவும் கிடைப்பதில்லை.

ஜூலை 20, ஞாயிறு

இறக்கியாயிற்று. சுமைக்காரர்கள் அடியில் குழாய்களைப் போட்டு உருட்டியே ஷெட்டுக்குள் கொண்டுவந்தார்கள். காரை விற்றதிலிருந்து ஷெட் சும்மாதான் கிடந்தது.

எதிர்வீட்டு சௌந்தரராஜன் பல் குச்சியோடு வந்து நின்றார். இந்த வயதில் லேத்து எதற்கு என்று கேட்டார். நவநீதன் வந்ததும் வீட்டிலிருந்தே தொழில் செய்யப்போகிறான் என்றேன். ஓசூரில் வேலை நன்றாகப் போகிறது என்றீர்களே என்றார். ஆமாம், அலுத்துவிட்டதாம் என்றேன்.

என் மகன் ஓசூரில் இல்லை. ஆனைகட்டி போகும் வழியில் ஒரு மறுவாழ்வு மையத்தில் இருக்கிறான். குடியை நிறுத்தச் சேர்த்திருக்கிறோம். கம்பெனியில் நல்ல மிஷின் ஆபரேட்டர் என்று பெயர் எடுத்தவன், போன வருஷம் வெளியே அனுப்பிவிட்டார்கள். மருமகள் கீர்த்தனா பேத்தியை அழைத்துக்கொண்டு உடுமலைக்குப் போய்விட்டாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. என் சொந்த டைரியில் இதை எழுதுவதற்கே மூன்று தடவை பேனாவை மூடி வைத்தேன்.

வசந்தாமணி காபியை வைத்துவிட்டு லேத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். “ஏனுங்க, நீங்க லேத்து வாங்கலீங்க. கட்டுத்தறி வாங்கியிருக்கீங்க” என்றாள். மாட்டைக் கட்டும் இடத்தைச் சொல்கிறாள். அவன் கண்ணெதிரே இருந்தால் தேவலை என்று நினைப்பதில் என்ன தப்பு?

ஜூலை 28, திங்கள்

டீசலும் பனியன் வேஸ்ட் துணியும் வைத்துத் துடைக்கிறேன். பழைய எண்ணெய் இறுகித் தார்போல் ஆகிவிட்டது. கத்தியால் சுரண்டினால் அடியில் பச்சைப் பெயிண்ட், அதற்கும் அடியில் சாம்பல் நிறம். குனிந்தால் நிமிர முடியவில்லை, நிமிர்ந்தால் குனிய முடியவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப் பதினெட்டு

மையத்துக்குப் போய் வந்தோம். வசந்தாமணி எலுமிச்சைச் சாதமும் தேங்காய்ச் சாதமும் கட்டிக்கொண்டு வந்தாள். அவன் இரண்டு வாய் சாப்பிட்டான். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. நாங்கள் பேசினோம், அவன் தலையாட்டினான். போன மாதமும் இப்படித்தான்.

கிளம்பும்போது, உனக்காக ஒரு பழைய லேத்து வாங்கிச் சரிசெய்துகொண்டிருக்கிறேன் என்றேன். சட்டென்று நிமிர்ந்தான்.

“பெட் எப்படிங்ப்பா இருக்கு?”

லேத்தின் நீளத்துக்கும் ஓடும் இரண்டு இரும்புத் தண்டவாளங்களைத்தான் பெட் என்கிறார்கள். அதன்மேல்தான் வெட்டும் டூல் நகர்கிறது. அது சரியாக இருந்தால் மற்றதெல்லாம் சரிப்படுத்திக்கொள்ளலாமாம். எத்தனையோ மாதம் கழித்து என் மகன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். இன்னும் அந்தப் பக்கத்து அழுக்கையே நான் எடுக்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது அழுகை வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

பெட்டைத் துடைத்தேன். இரும்பு நன்றாகத்தான் இருக்கிறது. முன்பக்கத் தண்டவாளத்தில், வேலைப்பொருளைப் பிடித்துச் சுழற்றும் சக்குக்குப் பக்கத்தில் மட்டும், குறுக்காக மூன்று கோடுகள் துருவேறிப் புள்ளி புள்ளியாக அரித்திருக்கின்றன. என்னவென்று விளங்காமல் விற்றவருக்குப் போன் செய்தேன். சிரித்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் விபூதியைத் தண்ணீரில் குழைத்து அந்த இடத்தில்தான் பட்டை போடுவார்களாம். அவருடைய அப்பா காலத்திலிருந்தே அப்படித்தானாம். ஈர விபூதி இரும்பைத் தின்றிருக்கிறது. சாமியின் நெற்றியில் இருக்க வேண்டியது லேத்தின் உடம்பில் தழும்பாகிவிட்டது.

வசந்தாமணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “அது பாட்டுக்கு இருக்கட்டும், தொடாதீங்க” என்றாள். பக்தியில் சொல்கிறாள். கண்ணாடி மாதிரி என்று நான் சொல்லிவிட்டு வந்திருக்கிறேனே.

ஆகஸ்ட் 9, சனி

உப்புத்தாளால் தேய்த்தேன். கோடு அப்படியே இருக்கிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்றும் தேய்த்தேன். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கிறது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே வசந்தாமணி, இந்த வைராக்கியத்தில் பாதி உங்கள் மகனுக்கு இருந்தால் போதும் என்றாள். சிரித்தோம். பிறகு அவள் ஒத்தடத் துணியை மறுபடி வெந்நீரில் நனைத்தாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கையால் ஆகாது என்று தெரிந்தது. மின்சாரக் கிரைண்டரை வாடகைக்கு எடுத்து உப்புத்தாள் சக்கரம் மாட்டினேன். காலையில் பிடித்தது, மத்தியானத்துக்குள் மூன்று கோடும் மறைந்துவிட்டன. எண்ணெய் தடவித் துடைத்தேன். குனிந்தால் என் முகம் தெரிகிறது. கிழட்டு முகம்தான், இருந்தாலும் தெரிகிறது.

வாங்கியதிலிருந்து இன்றைக்குத்தான் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நவநீதன் வந்துவிட்டான். வசந்தாமணி வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றாள். எதிர்வீட்டில் பார்ப்பார்கள் என்று நான்தான் உள்ளே போகச் சொன்னேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. செய்திருக்க வேண்டாம்.

சாப்பிட்டதும் அவனாகவே ஷெட்டுக்குள் வந்தான். சக்கைச் சுற்றிப் பார்த்தான், கைப்பிடிகளை ஆட்டிப் பார்த்தான். பிறகு பெட்டின்மேல் ஆள்காட்டி விரலை வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டே போனான். சக்குக்குப் பக்கத்தில் வந்ததும் விரல் நின்றது. திரும்ப ஒருமுறை இழுத்தான்.

“நீங்களே தேச்சீங்களாப்பா?”

ஆமாம் என்றேன். என்னை ஏறிட்டுப் பார்த்தான். “ரொம்ப நல்லா இருக்குதுங்ப்பா” என்றான். எனக்குத் தோள்வலி போன இடம் தெரியவில்லை.

காபி டம்ளரைப் பிடிக்கும்போது கை நடுங்குகிறது. மாத்திரையால் இருக்கலாம் என்றாள் வசந்தாமணி. எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

மோட்டார் மாட்டி, அடியில் தகடு கொடுத்து மட்டம் பார்த்து, லேத்தை ஓடவிட்டான். நான் ஒரு வாரம் செய்வதை அவன் ஒரு காலைப்பொழுதில் செய்கிறான். இரும்புச் சீவல் சுருள் சுருளாக விழுந்தது. வசந்தாமணி கேசரி கிண்டினாள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஒண்டிப்புதூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் அங்கமுத்து வேலை கொடுத்திருக்கிறார். தண்ணீர் பம்புக்குள் சுழலும் தண்டு, ஷாப்ட் என்கிறார்கள், அதைக் கடைந்து கொடுக்க வேண்டும். காலையில் ஆரம்பித்து விளக்கு வைக்கும்வரை செய்கிறான். நானும் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உதவிக்குத்தான்.

துடைப்பதற்கு டீசலை நிறுத்திவிட்டேன். அந்த வாசத்தில் வேறு எந்த வாசமும் மூக்குக்குத் தெரிவதில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

கீர்த்தனா போன் செய்தாள். அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். நன்றாக இருக்கிறான் என்றேன். நிச்சயமாகவா மாமா என்றாள். நிச்சயமாக என்றேன். தீபாவளி போகட்டும், வந்து பார்க்கிறோம் என்றாள். போனை வைத்ததும் ஷெட்டுக்குப் போய் அவனுடைய தண்ணீர் பாட்டிலை மோந்து பார்த்தேன். தண்ணீர்தான்.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

பொரி, கடலை, சுண்டல், வாழைக்கன்று எல்லாம் ஆயிற்று. குழைத்த விபூதியோடு நான் பெட்டுக்குப் போனேன். நவநீதன் கையைப் பிடித்துத் தடுத்து, பெல்ட்டை மூடும் தகரத்தின்மேல் போடச் சொன்னான். ஈரம் ஆகாது என்றான். என் கையைப் பிடித்த அவன் கை சில்லென்று இருந்தது, ஆனால் நடுங்கவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

அங்கமுத்து ஒரு ஷாப்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஓரிடத்தில் தடித்திருக்கிறது, பேரிங் ஏறவில்லை. தலைமயிரில் பாதிகூட இருக்காது அந்தத் தடிப்பு. நவநீதன் கனம் அளக்கும் மைக்ரோமீட்டரில் பார்த்துவிட்டு, வேறு கடைந்து தருகிறேன் என்று மட்டும் சொன்னான். ஏன் வந்தது என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆனால் கேள்வி உள்ளே உட்கார்ந்துவிட்டது. கை நிதானமாக இருந்தால் ஏன் தடிக்கிறது?

அக்டோபர் 13, திங்கள்

மழை. மத்தியானம் டூல் வாங்க வெளியே போனான். திரும்பி வர நேரமாயிற்று. செருப்பை எங்கே விட்டான், எப்படி நடந்தான் என்று துருவித் துருவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கே அலுப்பாக இருக்கிறது. மீட்டர் பார்க்கப் போன வீடுகளில் நாய்கூட என்னை நம்பியது. நான் யாரையும் நம்பியதாக ஞாபகமில்லை.

அக்டோபர் 16, வியாழன்

இன்னொரு ஷாப்ட் திரும்பி வந்தது. அங்கமுத்துவே நேரில் வந்தார். தீபாவளி முடியட்டும், பிறகு பார்த்துச் சொல்லி அனுப்புகிறேன் என்றார். இனிமேல் வேலை கிடையாது என்பதற்கு இதுதான் மரியாதையான வார்த்தை. அவர் வண்டி தெரு முனையைத் தாண்டியதும் நான் ஷெட்டுக்குள் போனேன்.

“எப்பருந்து மறுபடி ஆரம்பிச்சே?” என்றேன்.

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையைத் துடைக்க ஆரம்பித்தான். ஒவ்வொரு விரலாகத் துடைத்தான்.

“உங்கொம்மாவை ஏமாத்தலாம். என்னைய ஏமாத்த முடியாது. இந்த இரும்பே சொல்லுது உன்ற கை எப்படி இருக்குன்னு.”

அவன் ஷாப்டைப் பார்த்தான். பெட்டைப் பார்த்தான். வேஸ்ட் துணியை வைத்துவிட்டு வெளியே போனான். கேட் திறந்த சத்தம் கேட்டது. வசந்தாமணி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். உண்மையைச் சொன்னேன் என்றேன்.

அக்டோபர் 17, வெள்ளி

ராத்திரி அவன் வரவில்லை. போன் அணைத்திருக்கிறது.

விடிந்ததும் ஷெட்டில் போய் உட்கார்ந்தேன். வேறு எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. திரும்பி வந்த இரண்டு ஷாப்டையும் எடுத்து, அவன் மேல் இருந்த எரிச்சலில், பக்கத்தில் பக்கத்தில் வைத்து மைக்ரோமீட்டரைப் பிடித்துப் பார்த்தேன். எண் பார்ப்பதுதானே எனக்குத் தெரிந்த வேலை. இரண்டிலும் தடிப்பு ஒரே இடத்தில் இருந்தது. முனையிலிருந்து ஒரே தூரம்.

நடுங்குகிற கை எப்படி இரண்டு தடவையும் ஒரே இடத்தில் நடுங்கும்?

ஷாப்டை லேத்தில் வைத்துப் பார்த்தேன். அந்தத் தடிப்பைக் கடையும்போது டூல் பெட்டில் எங்கே நிற்குமோ, அது சக்குக்குப் பக்கத்தில், முன் தண்டவாளத்தில், நான் மூன்று கோட்டை அழித்த இடம். நீள இரும்பு ஸ்கேலை அதன்மேல் கிடத்தினேன். தினசரிக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து அடியில் தள்ளினேன். மற்ற இடங்களில் தாள் முட்டி நின்றது. அங்கே மட்டும் உள்ளே போய் அந்தப் பக்கம் வந்துவிட்டது.

கிரைண்டர் பிடித்து நான் பள்ளம் பறித்திருக்கிறேன். டூல் அந்த இடத்துக்கு வரும்போது பள்ளத்தில் இறங்கி, கடைபவர் பக்கம் சாய்ந்து, ஷாப்டைவிட்டு விலகுகிறது. வெட்டு குறைகிறது, இரும்பு தடிக்கிறது. அவன் கைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்தக் கோடுகளை அப்படியே விட்டிருந்தால் எந்தக் கெடுதலும் வந்திருக்காது.

வசந்தாமணியிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முகத்தைக் கழுவிக்கொண்டு வாருங்கள், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்றாள்.

பத்து மணி வாக்கில் அவன் வந்தான். சட்டை கசங்கியிருந்தது. நேராகக் குளியலறைக்குப் போனான். வசந்தாமணி தோசை ஊற்றினாள். சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டான். நான் கதவருகே போய் நின்றேன், உள்ளே போகவில்லை. வெட்கமாக இருந்தது.

அக்டோபர் 18, சனி

சாயங்காலம் ஷெட்டுக்குக் கூப்பிட்டேன். ஸ்கேலையும் தாளையும் வைத்துக் காட்டினேன். தப்பு என்னுடையது, உன் கையுடையது இல்லை என்றேன். அவன் தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

“தெரியுங்ப்பா. வந்தன்னைக்கே வெரல்ல தட்டுப்பட்டுச்சு.”

“அப்ப ஏன் சொல்லல?”

“எனக்குன்னு தேச்சிருக்கீங்க. அதப் போயி எப்படிச் சொல்றது? அந்த எடம் வந்தா டூலைத் துளி உள்ள குடுத்துக்குவேன். ரெண்டு தடவ தப்பிப்போச்சு.”

ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவன் லேத்தில் சாய்ந்துகொண்டு தரையைப் பார்த்தபடியே பேசினான்.

“நீங்க கேட்டப்ப நான் குடிச்சிருக்கலீங்ப்பா. கேட்டதுக்கு அப்பறம் குடிச்சேன்.”

அந்த வார்த்தை என் நெஞ்சில் இன்னும் இருக்கிறது. நான் ஏதோ சொல்ல வந்தேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

“அதுக்குக் காரணம் நீங்க இல்ல. கடைக்கு நடந்து போனது என்ற காலுதான். மையத்துக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன். வாராவாரம் ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு வரச் சொல்லியிருக்காங்க.”

இனிமேல் உன்னை எதுவும் கேட்க மாட்டேன் என்றேன். அவனுக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்த பிறகு இன்றுதான் அவன் கோபப்பட்டுப் பார்க்கிறேன்.

“கேளுங்க. நீங்க கேக்கறதே இல்லயே. டம்ளரப் பாக்கறீங்க, கையப் பாக்கறீங்க, கிட்ட வந்து மோந்து பாக்கறீங்க. அன்னைக்கும் கேக்கல, தீர்ப்புத்தான் சொன்னீங்க. குடிச்சயான்னு வாயத் தொறந்து கேளுங்க. நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம்.”

சரி என்றேன். இரண்டு பேருமாக ஷெட்டைப் பெருக்கினோம்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

எண்ணெய்க் குளியல். இட்லி, கறிக்குழம்பு. தெருவெல்லாம் புகை. கீர்த்தனாவுக்குப் போன் செய்து, நான் அன்றைக்கு நிச்சயம் என்று சொன்னது தப்பு, நடுவில் ஒருநாள் குடித்துவிட்டான் என்று சொன்னேன். அவன் சொல்லச் சொல்லித்தான் சொன்னேன். சொன்னதற்கு நன்றி மாமா என்றாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

சாயங்காலம், குடித்தாயா என்று அவனிடம் கேட்டேன். இல்லை என்றான்.

அக்டோபர் 23, வியாழன்

பெட்டைக் கழற்றி பீளமேட்டில் கிரைண்டிங் செய்யும் இடத்துக்கு அனுப்பினோம். மொத்த நீளத்தையும் அந்தப் பள்ளத்தின் ஆழத்துக்குக் குறைத்து மட்டமாக்கித் தருவார்களாம். திரும்பி வர ஒரு மாதமாகும். இடுப்பு விட்டுப்போயிற்று. கேட்டேன். இல்லை என்றான். நம்பினேனா என்று தெரியவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

கூட்டத்துக்குப் போயிருந்தான். வழக்கமாக வரும் பஸ்ஸில் வரவில்லை, அடுத்ததிலும் வரவில்லை. வசந்தாமணி கேட்டுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தாள். இருட்டும் நேரத்தில் வந்தான். நன்றாகத்தான் நடந்து வந்தான். கேட்டைத் திறந்த கையிலும் எந்த நடுக்கமும் இல்லை. பழைய ஆளாக நான் இருந்திருந்தால் இதைப் பார்த்ததோடு திருப்தியாகி உள்ளே போயிருப்பேன். கேட்பதற்கு வாயே வரவில்லை. இல்லாத சண்டையை ஏன் இழுக்க வேண்டும் என்று தோன்றியது. இருந்தாலும் கேட்டேன்.

“இன்னைக்குக் குடிச்சயா கண்ணு?”

செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான்.

“குடிக்கலீங்ப்பா. கடைக்குள்ள போயி வாங்கிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கையிலயே வெச்சிருந்தேன். அப்பறம் சாக்கடைல ஊத்திட்டேன்.”

சுவரைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே வா, அம்மா சாப்பிடாமல் காத்திருக்கிறாள் என்றேன்.

நம்புகிறேன். பயமாகவும் இருக்கிறது. நாளைக்கும் கேட்க வேண்டும்.